வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

வானூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு பைக்கில் போகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு எல்லை எங்கே என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்ரோல் பங்க்குகளும் ஒயின் ஷாப்புகளும் அடுத்தடுத்து வர ஆரம்பித்தால் பாண்டி வந்தாச்சு. அப்பாவுக்கு மட்டும் எல்லை இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. பெரிய வாய்க்கால்.

அப்பா கொத்தனார். வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த தெருக்களில், பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைக்குப் பல வருஷம் போனவர். பழைய செங்கல் சுவருக்கு மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும் என்பதை நான் இன்ஜினியரிங் கல்லூரியில் கற்கவில்லை, அவரிடம்தான் கற்றேன். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அவர் பூசிய ஒரு வீடு இப்போது கஃபே. போன மாதம் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். விலைப்பட்டியலையும் பார்த்தார். "வாணாம்டா, காபி எரநூறு ரூபாயாமே. அந்தாண்ட போயி டீ குடிச்சிக்கலாம்" என்று வாய்க்காலைத் தாண்டி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

யாரும் அவரைத் தடுக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

பாண்டிச்சேரியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு கதையைச் சொல்கிறார்கள்: ஒருகாலத்தில் வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று பிரிந்து கிடந்தது, இன்று அது எல்லாருக்குமான பாரம்பரியம். இந்தக் கதையின் முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் பாதி அவ்வளவு சீக்கிரம் எழுதிவிடக்கூடிய ஒன்றா?

முதல் பாதியே அத்தனை எளிதில்லை. 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் வந்தார். 1693-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள், 1699-இல் திருப்பிக் கொடுப்பதற்குள், நேர்நேரான தெருக்களுக்குத் திட்டம் வரைந்தார்கள். இன்ஸ்டாகிராமில் நாம் 'பிரெஞ்சு அழகு' என்று போடும் கட்டம்போட்ட தெருக்களின் மூலம் டச்சு வரைபடம். 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரையே தரைமட்டமாக்கினார்கள். இன்று நிற்பதில் பெரும்பகுதி 1765-க்குப் பிறகு எழுந்தது. கிழக்கே ஐரோப்பியர், மேற்கே தமிழர், நடுவில் வாய்க்கால்.

பிரித்தது வாய்க்கால் மட்டுமா? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745-இல் ஒரு தகராறைப் பதிவுசெய்கிறது. தேவாலயத்துக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்து நிறுத்த ஒரு சுவர் இருந்தது. அதை இடித்தபோது சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். வெள்ளைக்காரன் போட்ட கோட்டுக்கு உள்ளே நாமே போட்டுக்கொண்ட கோடு அது. எந்தச் சுற்றுலாப் பலகையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் தூரத்து நகரம் ஒன்றைத் துணைக்கு அழைக்கிறேன். சைப்ரஸ் தீவின் தலைநகர் நிக்கோசியா. 1963 டிசம்பரில் கிரேக்கர்களும் துருக்கியர்களும் மோதிக்கொண்டபோது ஒரு பிரிட்டிஷ் தளபதி வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் கோடு இழுத்தார். 1974 போருக்குப் பிறகு அது ஐ.நா. படை காவல் காக்கும் இடைவெளியாக இறுகிவிட்டது. பழைய நகருக்குள் அந்தக் கோடு கிட்டத்தட்ட எதன் மேல் போகிறது தெரியுமா? ஒருகாலத்தில் ஊருக்குள் ஓடி, பிறகு சாக்கடையாகி, மூடப்பட்டுத் தெருவாக மாறிய ஆற்றின் தடத்தின் மேல். அங்கேயும் ஒரு வாய்க்கால்தான்!

அந்த நகரின் இரு பாதிகளும் மறுபடி பேச ஆரம்பித்தது கலையாலோ கட்டடத்தாலோ அல்ல. கழிவுநீரால். பாதாளச் சாக்கடைக்கு ராணுவ எல்லை தெரியாது. 1970களின் இறுதியில் இருபக்க மேயர்கள், லெல்லோஸ் டிமெட்ரியாடிஸும் முஸ்தபா அகின்ஜியும், ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். அந்த நம்பிக்கையில் 1979-இல் முழு நகருக்குமான பொதுத் திட்டம் தொடங்கியது. கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு குடியிருப்பைத் தேர்ந்து, மக்கள் திரும்பி வந்து வாழும்படி வீடுகளைச் சீரமைத்தார்கள். 2007-இல் அதற்கு ஆகா கான் விருது கிடைத்தது. 2008-இல் லெட்ரா தெரு நடப்பவர்களுக்குத் திறந்தது. நாடு இன்னும் ஒன்றாகவில்லை, சிப்பாய்கள் இன்னும் நிற்கிறார்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சாக்கடை, பிறகு வீடு, கடைசியில்தான் சுற்றுலா.

நாம் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். என் தொழில் மொழியில் சொன்னால், பேக்எண்டைத் தொடாமல் ஃப்ரண்ட்எண்டுக்கு மட்டும் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறோம். 2014 நவம்பர் மழையில் இடிந்துவிழுந்த மேரி கட்டடத்தை அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தோம். நல்ல காரியம். தமிழர் பகுதியில், கால்வே சுப்பராய செட்டித் தெருவில் திண்ணையும் தாழ்வாரமுமாக வீட்டு முகப்புகளை மீட்டதும் நல்ல காரியம். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் நிஜமாகவே பொதுவான ஒரே பொருள், இருபக்கத் தண்ணீரையும் வாங்கிக்கொள்கிற அந்த வாய்க்கால். அதைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். போட்டோவில் அது விழாதபடி கேமராவைத் திருப்பிக்கொள்கிறோம்.

பகிர்தல் எப்படி இருக்கும் என்பதை எனக்குக் காட்டியது ஒரு நாவலாசிரியர். பாண்டிச்சேரியில் பிறந்த பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் ரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பை அடித்தளமாக வைத்து எழுதினார். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது. நாட்குறிப்பு கவர்னர் மாளிகைக்கும் தமிழ்த் தெருவுக்கும் நடுவே போய்வந்த ஒரு துபாஷியின் கணக்கு. பிரபஞ்சன் அதைத் திறந்து, தாசிகளையும் எளிய மனிதர்களையும் பெரிய மனிதர்களுக்குச் சமமாக உட்காரவைத்தார். நாவலை வாசித்துவிட்டு அந்தத் தெருக்களில் நடந்தால் சுவரின் நிறம் அல்ல, அதற்குள் யார் இருந்தார்கள் என்பதுதான் முதலில் தோன்றுகிறது. அவர் ஊரை மீட்டது அப்படித்தான்.

ஆகவே என் கோரிக்கை பெரியதல்ல. பாரம்பரிய வீட்டின் வாசலில் கட்டிய துரையின் பெயர் இருக்கட்டும்; பக்கத்தில் அதைப் புதுப்பித்த கொத்தனார்கள், சித்தாள்கள் பெயரும் இருக்கட்டும். தேவாலயச் சுவரின் கதையும் வழிகாட்டிகளின் வாயில் வரட்டும். அதற்கெல்லாம் முன்னால், பெரிய வாய்க்காலில் நல்ல தண்ணீர் ஓடட்டும், கரையில் இரண்டு பக்கத்துக்காரரும் காசு கொடுக்காமல் உட்காரக் கல்பெஞ்சு இருக்கட்டும்.

அன்றைக்கு வாய்க்காலுக்கு மேற்கே ஒரு கடையில் நின்று டீ குடித்தோம். அப்பா கிழக்கே கையைக் காட்டி, "அந்த செவுரு இன்னும் அம்பது வருசம் நிக்கும்டா" என்றார்.