சிறு குறையும் இறைவன் திருமுன்னும்

திருமுறைகளை ஓதுவாருள் சிலர்க்கு ஓர் ஐயம் நிகழ்வதுண்டு. பிறவிப்பெரும்பிணியை நீக்குமாறு இறைவனை வேண்டுதல் தக்கதே. நெல்லுக்கும் பொன்னுக்கும் உடல்நோய்க்கும் அவனை அழைத்தல் தகுமோ? அன்றியும், உடலொடு வந்த பிராரத்தவினை நுகர்ந்தே கழிதற்பாலதாயின், அதனைத் தவிர்க்குமாறு இரத்தலாற் பயன் யாது? இவ்விரு வினாவும் புறக்கணிக்கத் தக்கன அல்ல. இவற்றிற்குரிய விடையைப் பதிகங்களினின்றே ஈண்டு ஆராய்வாம்.

7ஆம் திருமுறையின் 20ஆம் பதிகமாகிய திருக்கோளிலிப் பதிகத்தை நோக்குக. குண்டையூர்க் கிழார் அளித்த நெல் மலைபோற் குவிந்து கிடக்கின்றது. சுந்தரர் வேண்டுவது அதனைத் திருவாரூர்க்குச் சுமந்து செல்லும் ஆட்களையே. இதனினும் சிறியதொரு குறை யாதுளது? எனினும், ஒரு பாகத்து உமையையும் சடைமேற் கங்கையையும் வைத்தவனுக்கு மகளிர் படும் வருத்தம் தெரியாததோ என்னுங் கருத்துப்பட, பரவையாரின் வாட்டத்தை அவர் விண்ணப்பிக்கின்றார். இவ்வுரிமை தோழமை நெறியில் நிற்பார்க்கே வாய்ப்பது. இரக்கப்பட்ட பொருள் சிறிது. இரக்கும் உறவு சிறிதன்று.

4ஆம் திருமுறையின் முதற்பதிகம் சூலைநோயால் எழுந்தது. குடரை முறுக்கும் அந்நோயின் கொடுமையை அப்பரடிகள் மறையாது உரைக்கின்றார். அவரே பின்னர்த் திருப்புகலூரில் உழவாரப்பணி செய்யுமிடத்துப் பொன்னும் மணியுந் தோன்றக் கண்டு, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒருங்கே வாரிக் குளத்தில் எறிந்தனர் எனச் சேக்கிழார் கூறுவர். உடல்நோய்க்கு அழுதமை, பற்றற்ற நிலையை அடைதற்குத் தடையாயிற்றில்லை, அந்நிலைக்கு வாயிலாயிற்று.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தத் துணிபு. துன்பம் வந்துழி அது யாதானும் ஒன்றைச் சார்ந்தே தீரும். சிறு துன்பத்தில் தன்முனைப்பையும் பெருந்துன்பத்தில் இறைவனையும் சார்வேன் என்பான், வாழ்நாளின் பெரும்பகுதியைத் தன்முனைப்புக்கே கொடுத்தவனாகின்றான். நாடோறும் வருவன பெரும்பாலுஞ் சிறு துன்பங்களே யாகலின். முற்றுணர்வினனாகிய இறைவனுக்கோ, அவன் அறிதற்குப் பெரிதென்றும் சிறிதென்றும் வேறுபாடில்லை.

இனி, பிராரத்தம் பற்றிய வினா. சிவஞானபோதத்து 10ஆம் சூத்திரம் இறைவனோடு ஒன்றி அவன் பணியில் நிற்பார்க்கு மலமும் மாயையும் வல்வினையும் இல்லையாம் என்கின்றது. நுகர்ச்சி நிகழினும், யான் எனது என்னும் பற்று அதன்கண் இல்லையாயின், அது ஆகாமியத்திற்கு வித்தாகாது. கண்ணிழந்த சுந்தரர் திருவெண்பாக்கத்திற் பெற்றது ஊன்றுகோல் ஒன்றே. இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் பின்னரே கிடைத்தன. வேண்டியது உடனே கிடையாதவிடத்தும் அவர் பாட்டு நின்றிலது.

இன்ன குறைக்கு இன்ன பதிகம் என அட்டவணை வகுத்து ஓதும் வழக்கு இக்காலத்து மிகுதி. குறையோடு சென்று ஓதுதல் இழுக்கன்று. குறித்த நாளிற் பயன் கிடைத்திலதெனப் பதிகத்தைக் கைவிடுதலே இழுக்கு. அது வழிபாடன்று, வாணிகம். ஊன்றுகோல் பெற்றவர் அதனை ஊன்றி மேலும் நடந்தே கண் பெற்றனர் என்பதை அன்பர் மறவாதிருப்பாராக.