திரையும் தறியும்: கோவைக் கலைக்கூடம் ஒன்றை முன்வைத்து

கோயம்புத்தூர் அவிநாசி சாலையிலுள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தோடு துணிநூல் அருங்காட்சியகமும் இணைந்துள்ளது. இவ்விணைப்பு தற்செயலானதன்று. கஸ்தூரி சீனிவாசன், 1956இல் தொடங்கப்பட்ட தென்னிந்தியத் துணிநூல் ஆராய்ச்சிக் கழகத்தின் (சிட்ரா) இயக்குநராக இருந்தவர். எண்மத் தொழில்நுட்பம் கலைக்கூட அனுபவத்தை மாற்றுவது குறித்த விவாதங்கள் பெரும்பாலும் ஓவியத்தை மட்டுமே கருத்திற்கொள்கின்றன. அவற்றின் போதாமையை இக்கூடம் புலப்படுத்துகிறது.

ஓவியத்தைப் பொறுத்தவரை எண்ம ஊடகத்தின் பயன் மறுக்கத்தக்கதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள் கருவறையைச் சூழ்ந்த குறுகிய உட்சுற்றில் உள்ளன. பொதுமக்கள் அங்குச் செல்ல இயலாது. செல்வோர்க்கும் பின்வாங்கி நின்று சுவரை முழுமையாகக் காண இடமில்லை. பகுதி பகுதியாக எடுத்து இணைத்த ஒளிப்படமே அம்முழுமையைத் தருகிறது. இங்குப் படி, மூலம் தராத காட்சியைத் தருகிறது எனலாம்.

துணியின் நிலை வேறு. பவானி ஜமக்காளத்தின் கனமும், பட்டும் பருத்தியும் கலந்த கோவைக் கோராச் சேலையின் மென்மையும் திரையில் ஒரே வழவழப்பாகிவிடுகின்றன. இதற்குத் திரையை மட்டும் குறைகூறுவது முறையாகாது; கண்ணாடிப் பேழையும் தொடவிடுவதில்லை அன்றோ! அருங்காட்சியகத்தில் துணி இழப்பது தொடுகையை. தறி இழப்பதோ இயக்கத்தை. மிதியை அழுத்தப் பாவு இரண்டாகப் பிரிவதும், இடையே நாடா ஓடுவதும், அச்சு வந்தறைந்து ஊடையை நெருக்குவதும் நிற்கும் தறியில் புலனாவதில்லை. அசைபடமும் ஒலியும் ஈடுசெய்யத்தக்க இழப்பு இதுவே.

ஆயினும், அருங்காட்சியகங்கள் வெளியிடும் முப்பரிமாண இணையவழிச் சுற்றுலாக்களில் பார்வையாளரின் கண் கூடமெங்கும் நகர்கிறது, காட்சிப்பொருள் அசைவதில்லை. கூடத்தின் குறையையே அவை படியெடுக்கின்றன. சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் விசைத்தறி பெருகியபின் கைத்தறியின் ஓசையறியாத தலைமுறை உருவாகியுள்ள நிலையில் இது சிறு குறையன்று. நெசவாளர் தறியில் அமர்ந்திருக்கும்போதே பதிவு நிகழவேண்டும். அப்போதும் படக்கருவி வைக்கப்படவேண்டிய இடம், நின்று பார்ப்பவரின் கண்மட்டமன்று. தறிக்குழியில் காலூன்றி அமர்ந்திருப்பவரின் கண்மட்டம்.