தங்க முலாம் நினைவு நோட்டுகள்: ஒரு மதிப்பீடு

தங்க முலாம் நினைவு நோட்டுகள் என்பவை பணத்தாளின் வடிவில், நெகிழித் தாளின்மீது பொன்னிறப் பூச்சிட்டு, சேகரிப்போருக்காகத் தனியார் தயாரித்து விற்கும் பொருள்களாகும். இவை எந்த அரசும் வெளியிட்ட பணம் அல்ல. அமெரிக்க டாலர், இந்திய ரூபாய் போன்றவற்றின் சாயலிலும், தேசத் தலைவர்கள், போர்க்காட்சிகள், படைச் சின்னங்கள் ஆகியவற்றைக் கொண்டும் இவை வருகின்றன. இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால் பரிசுப்பொருளாகவும் வாங்கப்படுகின்றன. தங்கம், வரலாறு என்னும் இரண்டின் பெயரால் விற்கப்படுவதால், இவ்விரண்டும் இவற்றில் எந்த அளவுக்கு உள்ளன என்பதைத் தனித்தனியே பார்ப்பது தகும்.

தங்கத்தின் அளவு

இந்நோட்டுகளின் உறையில் பெரும்பாலும் ‘24 காரட்’ அல்லது ‘99.9 விழுக்காடு’ என்று அச்சிடப்பட்டிருக்கும். இவை தூய்மையைக் குறிப்பவையே தவிர, எடையைக் குறிப்பவை அல்ல. ஒரு சொட்டுப் பாலும் கலப்படமற்ற பாலாக இருக்கலாம். அதனால் அது ஒரு படி பாலாகிவிடாது.

புழக்கத்திலுள்ள 500 ரூபாய் நோட்டின் அளவு 66 × 150 மில்லிமீட்டர். பரப்பு 99 சதுர சென்டிமீட்டர். அதன் ஒரு பக்கம் முழுவதும் 0.1 மைக்ரான் தடிப்பில் தங்கம் பூசப்பட்டதாகக் கொள்வோம். தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். எனவே அதில் இருக்கக்கூடிய தங்கம் சுமார் 19 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்கு. பூச்சின் தடிப்பு 0.01 மைக்ரான் என்றால் சுமார் 2 மில்லிகிராம் மட்டுமே. தடிப்பையோ எடையையோ அச்சிடாத நோட்டில் எவ்வளவு தங்கம் உள்ளது, அது தங்கம்தானா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.

உடன் தரப்படும் ‘நம்பகச் சான்றிதழ்’ விற்பவரே அச்சிட்டுக்கொள்வது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் முத்திரையும் ஆறு இலக்க எண்ணெழுத்து அடையாளமும் வேறு. இச்சான்றிதழ் அவற்றுக்கு ஈடாகாது.

ஒப்பிடத் தக்கது 2019-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கப்பட்ட ‘கோல்டுபேக்’. இதுவும் தனியார் வெளியீடே. ஆனால் இதன் 1 மதிப்புத் தாளில் ஓர் அவுன்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 31 மில்லிகிராம் தங்கம் உள்ளதாகத் தாளிலேயே குறிக்கப்பட்டுள்ளது. விலை அத்தங்கத்தின் மதிப்பைவிடக் கூடுதல் என்றாலும், வாங்குபவர் கணக்கிட்டுப் பார்க்க முடிகிறது.

வரலாற்றின் அளவு

படைவரலாற்றுக்கு உண்மையான பணச்சான்றுகள் பல உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவில் ஜப்பானியர் வெளியிட்ட நோட்டுகளில், 10 டாலர் தாளில் வாழைமரப் படம் இருந்தது. 1945-இல் ஆங்கிலேயர் திரும்பியதும் அவை செல்லாத் தாள்களாயின. தோட்டத் தொழிலாளர்களான தமிழர்களின் போர்க்காலக் கூலி அந்தத் தாள்களில்தான் இருந்தது. மங்கிய அந்தத் தாள் ஒரு காலத்தின் துயரைச் சொல்கிறது.

இந்திய தேசிய இராணுவத்தின் வரலாற்றில் தங்கத்துக்கே நேரடி இடம் உண்டு. 1943 அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் தற்காலிக அரசை அறிவித்தார். 1944 ஏப்ரலில் இரங்கூனில் ஆசாத் ஹிந்து வங்கி திறக்கப்பட்டது. மலாயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த இந்தியர்கள், அவர்களுள் தமிழ்ப் பெண்கள் பலர், தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். 1945 ஆகஸ்ட் 18 தைபே விமான விபத்துக்குப் பின் எஞ்சிய, தீயில் கருகிய நகைத்துண்டுகள் 1952-இல் டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டன. அவை தேசிய அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் வைக்கப்பட்டன. ஒளியிழந்த அந்தத் துண்டுகளே இவ்வரலாற்றின் மெய்யான பொன்.

பளபளக்கும் நினைவு நோட்டு இந்த வகையில் எதையும் தருவதில்லை. ஒரு பணச்சான்றைப் படிக்கத் தேவையான வெளியிட்டவர் பெயர், காலம், கையொப்பம், வரிசை எண் ஆகியவை இதில் இல்லை. இருந்தாலும் அலங்காரமாகவே இருக்கின்றன. வீரரின் முகமும் கொடியும் மட்டும் எஞ்ச, ஏன் போர் நடந்தது, யார் விலை கொடுத்தனர் என்பது மறைந்துவிடுகிறது. இதை அறியாத மாணவர் இத்தாளையே பழைய பணம் என்று எண்ணவும் கூடும்.

சட்ட நிலை

இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டம், 1934-இன் 22-ஆம் பிரிவின்படி, இந்தியாவில் வங்கி நோட்டு வெளியிடும் தனியுரிமை ரிசர்வ் வங்கிக்கே உரியது. எனவே நினைவு நோட்டைக் கொண்டு எதையும் வாங்க இயலாது. வங்கியிலும் மாற்ற இயலாது. ஏமாற்றும் அளவுக்கு உண்மை நோட்டை ஒத்த தாளைத் தயாரிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 182-ஆம் பிரிவின்படி அபராதத்துக்குரியது.

அரசின் நினைவு நாணயங்கள் வேறு வகையின. போர்ட் பிளேரில் போஸ் கொடியேற்றியதன் 75-ஆம் ஆண்டு நினைவாக 2018-இல் வெளியான 75 ரூபாய் நாணயம் 35 கிராம் எடையுள்ளது. அதில் பாதி வெள்ளி. எடை, உலோகக் கலவை, வெளியிட்டவர், ஆண்டு ஆகிய அனைத்தும் அறிவிக்கப்பட்டவை.

மதிப்பீடு

இந்நோட்டுகளுக்குச் சிறு பயனும் உண்டு. விலை குறைவு, கண்ணைக் கவரும், குழந்தையிடம் ஒரு கேள்வியைத் தூண்டும். அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் குறை காண ஒன்றுமில்லை. முதலீடு என்றும் அரிய சேகரிப்பு என்றும் சொல்லி விற்பதே குறை. அச்சிடும் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாத பொருள் அரியது ஆகாது.

வாங்க எண்ணுவோர் மூன்று கேள்விகள் கேட்கலாம்: தங்கத்தின் எடை எத்தனை மில்லிகிராம்? வெளியிட்டவர் யார்? விற்றவரே திரும்ப வாங்குவாரா? மூன்றுக்கும் விடை இல்லையெனில் அது பொம்மை. பொம்மைக்குரிய விலையே அதற்குத் தகும். பணத்தின் வழியே வரலாறு கற்பிக்க விரும்புவோருக்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு உண்டு. நசரத்பேட்டை, பூந்தமல்லி போன்ற மேற்குப் புறநகர்ப் பகுதிகளின் பள்ளிகளுக்கு அது ஒரு நாள் பயணமே. அங்குள்ள தேய்ந்த செப்புக்காசு ஒன்று, பொன்னிற நோட்டுக் கட்டைவிட அதிகம் கற்பிக்கும்.