அச்சேறிய படத்தின் ஆயுள்: திருகோணமலையை முன்வைத்து ஒரு நோக்கு

விழாவோ கூட்டமோ முடிந்த மறுநாட் காலையில் திருகோணமலைக் கடற்கரை வீதியில் நடப்பவரின் கண்ணில் முதலிற் படுபவை பழைய பத்திரிகைத் தாள்களே. மணலில் விரித்து இருந்தெழுந்தவை சில. கடலை சுற்றிக் கொடுத்தவை சில. காற்றோடு கோட்டைப் பக்கம் ஒதுங்கியவை சில. இவற்றுள் ஒன்றில், தாம் எடுத்து அச்சேறிய படத்தைப் படப்பிடிப்பாளர் ஒருவர் காண நேர்ந்தால் அவர் மனத்தில் எழும் வினா யாதாக இருக்கும்? தமது உழைப்பு மதிக்கப்படவில்லை என்ற மனத்தாங்கலாக அது தொடங்கலாம். ஆயின் அம்மனத்தாங்கலின் உள்ளே புகைப்படக் கலை பற்றிய அடிப்படைப் பிரச்சினையொன்று பொதிந்துள்ளது. படத்தின் பெறுமதி அது அச்சான தாளின் பெறுமதியோடு முடிந்துவிடுகிறதா என்பதே அப்பிரச்சினை.

தமிழ்த் திறனாய்வு இவ்வினாவை இதுகாறும் போதிய அளவில் எதிர்கொண்டதாகக் கூறுவதற்கில்லை. நாவல், சிறுகதை, கவிதை, நாடகம் என்பன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. திரைப்படமும் காலப்போக்கில் ஆய்வுக்குரிய பொருளாக ஏற்கப்பட்டது. பத்திரிகைப் படமோ செய்தியின் ஒட்டாகவே கருதப்பட்டு வந்துள்ளது. செய்தி பழையதாகும்போது படமும் பழையதாகிவிடும் என்ற எண்ணம் வாசகரிடத்து மட்டுமன்றித் திறனாய்வாளரிடத்தும் வேரூன்றியிருந்தமையே இதற்குக் காரணம் எனலாம்.

இவ்வெண்ணத்துக்குப் பௌதிக அடிப்படை ஒன்றும் உண்டு. பத்திரிகைத் தாள் மரத்தை அரைத்துப் பெறும் கூழினால் ஆனது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் அதில் எஞ்சியிருப்பதால் வெயில் பட்டதும் தாள் மஞ்சளிக்கிறது. சில ஆண்டுகளில் மடித்த இடத்தில் முறிகிறது. அத்தாளில் அச்சாகும் படமும் முழுப்படம் அன்று. ஒளியும் நிழலும் சிறியனவும் பெரியனவுமான புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டே அங்கு பதிகின்றன. எனவே படப்பிடிப்பாளர் கண்ட காட்சி அச்சுக்கு வரும்போதே ஓரளவு இழப்புக்கு உள்ளாகிவிடுகிறது. ஒருநாள் வாழ்வுக்கென்றே ஆக்கப்பட்ட பொருளின்மேல் ஏறி வாசகரிடம் செல்வது பத்திரிகைப் படத்தின் விதி. இவ்விதியை அறிந்தே அக்கலைஞர் தொழில் செய்கிறார்.

அவ்வாறாயின் அவருடைய மனத்தாங்கல் பொருளற்றதா? இதனைத் தெளிவதற்குத் திருகோணமலையின் அண்மைக்கால வரலாற்றிலேயே இரு நிகழ்வுகள் உள்ளன. ஒன்று கடலடியில் எடுத்த படங்கள் பற்றியது. மற்றையது கரையில் எடுத்த படங்கள் பற்றியது.

சுவாமிமலையில் நின்ற கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இடிப்பித்தான். அதன் கற்கள், பிற்காலத்தில் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர்பெற்ற அரணைக் கட்டப் பயன்பட்டன. எஞ்சியவற்றுட் பல மலையடியிற் கடலுள் வீழ்ந்தன. கல் பயன்பட்டது, கல்லில் உறைந்திருந்த பொருள் வீசப்பட்டது. 1956இல் மைக் வில்சன் என்ற படப்பிடிப்பாளரும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அக்கடலில் மூழ்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். வில்சன் அவற்றைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு கிளார்க் வெளியிட்ட 'தப்ரபேனின் பவளப்பாறைகள்' என்னும் ஆங்கில நூல் அத்தேடலின் கதையை உலகறியச் செய்தது. கடலிலிருந்து மீட்கப்பட்ட லிங்கம் கோயிலில் வைத்து வணங்கப்படலாயிற்று. புதுப்பித்த கோயிலின் குடமுழுக்கு 1963இல் நடைபெற்றது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கழிபொருளாகக் கிடந்ததொன்றைக் கண்முன் நிறுத்தும் ஆற்றல் கமெராவுக்கு உண்டென்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

ஆயினும் இங்கு கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. வில்சனின் பணி நூலின் துணையோடு நிலைபெற்றது. நூல் தைக்கப்படுகிறது, அட்டையிடப்படுகிறது, நூலகத்தில் இலக்கம் பெறுகிறது. நூலுக்குரிய மரியாதை படத்துக்கும் கிட்டியது. வில்சனோ பிற்காலத்தில் கமெராவையும் திரைப்படத் தொழிலையும் விட்டுத் துறவு பூண்டு, சுவாமி சிவகல்கி என்ற பெயரில் வாழ்ந்து மறைந்தார். எடுத்தவர் படத்தைத் துறந்தார், படமோ நூலினுள் நின்றது. ஒரு படைப்பின் ஆயுள் அதனை ஆக்கியவரின் பற்றில் தங்கியிருப்பதில்லை. அதனைத் தாங்கும் அமைப்பிலேயே தங்கியுள்ளது என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டாவது நிகழ்வில் அத்தகைய அமைப்பு எதுவும் இருக்கவில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் தாம் வைத்திருந்த குண்டு வெடித்து இறந்தனர் என்ற விளக்கம் படைத்தரப்பினரால் முதலிற் கூறப்பட்டது. 'சுடர் ஒளி' நாளிதழின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அம்மாணவர்களின் உடல்களைப் படமெடுத்தார். அவை அப்பத்திரிகையில் வெளியாயின. காயங்கள் துப்பாக்கிச் சூட்டினால் ஏற்பட்டவை என்பதை அப்படங்கள் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குச் செல்லப் பேருந்துக்குக் காத்து நின்றபோது சுகிர்தராஜன் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் இறப்புக்கும் அவர் இறப்புக்கும் இடையே இருந்தவை இருபத்திரண்டு நாட்களே.

இப்படங்களைக் கலைநோக்கில் அணுகுவோர் சற்றுத் தயங்கக்கூடும். அழகியல் சார்ந்த அளவுகோல்கள் இங்கு செல்லாதவை போலத் தோன்றும். ஆனால் ஒரு படைப்பை அது எதற்காக ஆக்கப்பட்டதோ அதனைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பது திறனாய்வின் பழைய நெறி. இப்படங்கள் காண்போரின் இரக்கத்தை நாடி எடுக்கப்பட்டவையல்ல. 'இவர்கள் எவ்வாறு இறந்தனர்?' என்ற ஒரேயொரு வினாவை முன்வைத்து எடுக்கப்பட்டவை. அவ்வினாவுக்கு விடையளிக்கும் இடத்தில் கமெராவை நிறுத்துவதே அங்கு கலைஞர் செய்யவேண்டியிருந்த தெரிவு. துயரத்தைக் காட்டும் படத்தைப் பார்த்தவர் கண்ணீர் விட்டு அமைதி பெறலாம். சான்றைக் காட்டும் படம் அந்த அமைதியைத் தருவதில்லை, பார்த்தவரையும் சாட்சியாக்கிவிடுகிறது. வலிமை மிக்க ஒரு விளக்கத்தை, மலிந்த தாளில் மங்கலாக அச்சான புள்ளிகள் மறுத்து நின்றன. பத்திரிகைப் படம் எய்தக்கூடிய உச்சம் இதுவெனில் மிகையாகாது.

அதன்பின் நிகழ்ந்தவையும் படத்தின் ஆயுள் பற்றிய ஆராய்ச்சிக்குரியனவே. மாணவர் கொலை 2006இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு ஆராய்ந்த சம்பவங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாணைக்குழுவின் அறிக்கை 2015இலேயே பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்டது. 2013இல் விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட பதின்மூவர் கைதாயினர். 2019 ஜூலையில் போதிய சான்றில்லை எனத் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சுகிர்தராஜன் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. நிகழ்வு நடந்த வாரத்தில் எல்லோர் கையிலும் இருந்த படம், நீதி கோரவேண்டிய காலத்தில் எத்தனை கைகளில் எஞ்சியிருந்தது? கடற்கரையிற் கிடக்கும் தாளைக் குனிந்து பார்க்கும் படப்பிடிப்பாளரின் மனத்தாங்கல் இவ்விடத்திலேயே தனது முழுப் பொருளையும் பெறுகிறது.

இந்நிலை திருகோணமலைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தமது குழுவினருடன் படமாக்கிய மத்தியூ பிறேடி பெருஞ்செல்வத்தை அப்பணியில் இழந்தார். போரின்போது இறந்தோரின் படங்களைக் காண நியூயோர்க்கில் மக்கள் திரண்டனர். போர் முடிந்தபின் அப்படங்களை வாங்குவாரில்லை. 1875இல் அமெரிக்கக் காங்கிரஸ் 25,000 டொலருக்கு அவற்றைப் பெற்றது. பிறேடியோ 1896இல் வறுமையில் இறந்தார். படங்கள் மோசமாயினமையால் மக்கள் அவற்றைத் தவிர்த்தனரல்லர். அவை நினைவூட்டியதை மறக்க விரும்பினர் என்பதே உண்மை.

கலைப்படத்துக்கும் காப்புறுதி இல்லை என்பதை இலங்கையின் புகழ்மிக்க படப்பிடிப்பாளரான லயனல் வென்ற் வரலாறு உணர்த்துகிறது. 1944இல் அவர் மறைந்தபின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. 1950இல் இலண்டனில் வெளியான படநூலும் எஞ்சிய பிரதிகளுமே இன்று அவர் கலைக்குச் சான்றாக உள்ளன. வென்றுக்கு வசதியும் நண்பர் குழாமும் இருந்தன. அவை ஏதுமற்ற மாவட்டச் செய்தியாளர் ஒருவரின் நெகற்றிவ் பெட்டியோ கணினித் தட்டோ என்னவாகும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

எனினும் தாள் ஒவ்வொன்றையும் காத்தல் வேண்டும் என வாதிடுதல் பொருந்தாது. வாங்கிய பத்திரிகையில் மீன் சுற்றுவதும் அலுமாரித் தட்டில் விரிப்பதும் வாசகரின் உரிமை. படம் பலர் கைக்குச் சென்று பலர் கையில் அழிவதே அது பரவியது என்பதற்கு அடையாளம். எவரும் வீசாத படம் எவரையும் சென்றடையாத படமாகவும் இருக்கக்கூடும். ஆகவே கழித்தல் வேறு, கைவிடுதல் வேறு என்ற வேறுபாடு இங்கு இன்றியமையாதது. ஆயிரம் பிரதிகள் கழிக்கப்படலாம், பிரதி ஒன்றாயினும் காக்கப்படுமாயின். அந்த ஒன்றும் இல்லாதபோதே சமூகம் படத்தைக் கைவிட்டதாகிறது. படப்பிடிப்பாளர் தெருவில் காண்பது முதலாவதை. அவர் அஞ்சுவது இரண்டாவதை.

இலங்கையில் அச்சிடப்படுவனவற்றைக் காத்தற்குச் சட்டம் இல்லாமலில்லை. அச்சகத்தார், வெளியீட்டாளர் பற்றிய 1885ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்கும் கடப்பாட்டை விதித்தது. ஆயின் ஈழத்துத் தமிழரின் அச்சுச் செல்வம் பெருமளவுக்கு ஊர் நூலகங்களிலும் பத்திரிகைக் காரியாலயங்களிலுமே தங்கியிருந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தபோது அதே நாட்களில் 'ஈழநாடு' காரியாலயமும் எரியூட்டப்பட்டது. பழைய தாளைச் சேர்த்து வைத்த இடங்களும் அழிந்த நாட்டில், தெருவிற் கிடக்கும் தாள் கூடக் கடைசிப் பிரதியாக இருந்துவிடலாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணத் திட்டம் இதழ்களையும் பத்திரிகைகளையும் வருடிச் சேர்த்து வருவது இவ்விழப்புணர்வின் விளைவு எனலாம். ஆனால் வருடப்பட்ட பக்கம் புள்ளிகளாகச் சிதைந்த படத்தையே தரும். மூலப்படத்தைத் தேடுவது வேறு பணி. அப்பணி இன்னும் பெரும்பாலும் தொடங்கப்படவில்லை.

அப்பணிக்குத் தடையாயிருப்பது பொருள் வசதியின்மை மட்டுமன்று. தமிழ் வெளியீடுகளிற் பெரும்பாலானவற்றில் கட்டுரைக்கு ஆசிரியர் பெயர் உண்டு; கவிதைக்குப் பெயர் உண்டு; விளம்பரத்துக்குக் கடையின் பெயர் உண்டு. படத்துக்கு மட்டும் பெயர் இருப்பதில்லை. கோயில் மலராயினும் பாடசாலை மலராயினும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களாயினும் இந்நிலையில் பெரிய வேறுபாடில்லை. படத்திலிருப்போரின் பெயர்கள் இடமிருந்து வலமாக வரிசையிற் தரப்படுகின்றன. கமெராவின் பின்னால் நின்றவர் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. பெயரில்லாப் படத்தின் மூலத்தை எவரிடம் சென்று கேட்பது? அச்சேறும்போதே கைவிடல் தொடங்கிவிடுகிறது. தெருவில் வீசப்படுவது அதன் கடைசிக் கட்டம் மாத்திரமே.

ஆதலால் பத்திரிகைப் படம் பற்றிய திறனாய்வு அழகியற் கோட்பாட்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எடுத்தவர் யார், எங்கே, எந்நாள் என்னும் மூன்று விபரங்களைப் படத்தின் பின்புறத்தில் எழுதுவதிலிருந்து தொடங்கலாம். சுகிர்தராஜனின் படங்கள் யாருடையவை என்பது இன்று அறியப்பட்டிருப்பதற்கு அவருடைய மரணம் விலையாயிற்று. எஞ்சியோரின் பெயர்களை அறிவதற்கு அத்தகைய விலை தேவைப்படலாகாது.