ஆற்றுப்படையும் டவுன் பஸ்ஸும்

மதுரைக்காரர்களுக்கு மலை என்றால் கொடைக்கானல்தான். லீவு போட்டு, காசு சேர்த்து, ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போகிற இடம். டவுன் பஸ்ஸில் போய் இறங்கி ஏறிவிடக்கூடிய மலைகள் ஊரைச் சுற்றிக் கிடக்கின்றன. பெரியார் நிலையத்தில் ஏறினால் கீழக்குயில்குடி சமணர்மலை. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் சாலையில் போனால் ஒத்தக்கடையில் யானைமலை. இன்னும் தள்ளிப் போனால் அரிட்டாபட்டி, மாங்குளம் மீனாட்சிபுரம், கீழவளவு. வைகைச் சமவெளியில் அங்கங்கே எழுந்து நிற்கிற இந்தப் பாறைகளுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக மனிதர்கள் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் அதை 'மலைக்குப் போவது' என்று நாம் சொல்வதில்லை.

கடந்த பதினைந்து வருஷங்களில் இது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்று வந்தது. சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அதே வருஷம் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று 'பசுமை நடை' தொடங்கினார். இன்று ஞாயிற்றுக்கிழமை விடியலில் சமணர்மலை அடிவாரத்தில் காமிராவும் தொப்பியுமாக ஆட்களைப் பார்க்க முடிகிறது. வழிகாட்டிப் பிரசுரங்கள் வந்துவிட்டன. என் அக்கறை இந்த வழிகாட்டிகளைப் பற்றியது. வழிகாட்டியும் ஒரு பிரதிதான். அது யாருக்கு வழி சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்டாக வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்கக்கூடாது. வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வைத்திருந்தவர்கள் நாம். பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் பெறாதவனை ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படை என்று எம்.ஏ. வகுப்பில் இலக்கணம் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். வள்ளலின் கொடையை மட்டும் பார்த்துவிட்டு வழியை விட்டுவிடுவதுதான் நம் வகுப்பறை வாசிப்பு. மலைபடுகடாத்தை வழிக்காகப் படித்துப் பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், தினைப்புனம் காப்பவன் எறிகிற கவண்கல்லிலிருந்து எப்படித் தப்புவது, வழுக்குப் பாறையில் எதைப் பிடித்துக்கொண்டு இறங்குவது என்று அது சொல்லிக்கொண்டே போகிறது. எந்த வீட்டில் சோறு கிடைக்கும் என்பதும் அதில் உண்டு. ஓரிடத்தில் இன்னொன்றும் சொல்கிறது: வழி பிரிகிற இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து, புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாக இருக்கும் என்று. இன்று ஜெர்மனியில் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஊர்களில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மரத்திலும் பாறையிலும் வண்ணக்குறி போட்டு நடைவழி காட்டியிருப்பார்கள். அந்தக் குறியின் வேலையைத்தான் இந்தப் புல்முடிச்சும் செய்கிறது. சொல்கிறவனும் கேட்கிறவனும் ஒரே தரத்து ஆட்கள். இவன் நேற்று நடந்தான், அவன் நாளைக்கு நடக்கப்போகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

சிலப்பதிகாரத்திலும் ஒரு வழிகாட்டி வருகிறான். மதுரைக்குப் பிரிகிற மூன்று வழிகளைச் சொல்லும் மாங்காட்டு மறையோன், இடப்பக்க வழியில் இருக்கும் திருமால்குன்றத்தின் பிலத்தையும் பொய்கைகளையும் விவரித்து, அவற்றில் மூழ்கினால் இன்னின்ன பலன் என்று அடுக்குகிறான். அந்தத் திருமால்குன்றம்தான் இன்றைய அழகர்மலை. கூட நடந்துவருகிற சமணத் துறவி கவுந்தி, அந்தப் பலன் எதுவும் தேவையில்லை என்று மறுத்துவிடுகிறார். ஒரு வழிகாட்டி பாதையைச் சொல்கிறது. இன்னொன்று போய்ச் சேருகிற இடத்தின் பலனைச் சொல்கிறது. நம் பிரசுரங்கள் பெரும்பாலும் மறையோன் வழியில் போகின்றன. புண்ணியம் இருந்த இடத்தில் இப்போது 'பாரம்பரியம்' இருக்கிறது.

1957-இல் வெளிவந்த தன் 'தொன்மங்கள்' நூலில் ரோலான் பார்த் 'நீல வழிகாட்டி' என்ற பிரெஞ்சுப் பயண வழிகாட்டியை எடுத்துப் பேசியிருக்கிறார். நினைவுச்சின்னங்களை முன்னே நிறுத்துவதன் மூலம் அங்கே வாழ்கிற மனிதர்களையும் நிகழ்காலத்தையும் அது துடைத்துவிடுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. சமணர்மலை பற்றி என் கையில் கிடைத்த ஒரு பிரசுரம் அச்சு அசலாக இதைத்தான் செய்திருந்தது. தீர்த்தங்கரர் சிற்பங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டுகள், ஒன்பது-பத்தாம் நூற்றாண்டு எல்லாம் சரியாகவே இருந்தன. அடிவாரத்து அய்யனாருக்கும் கருப்பசாமிக்கும் அதில் இடமில்லை. ஆனால் சிற்பங்கள் இருக்கும் இடங்களை அது எப்படிக் குறிப்பிடுகிறது? பேச்சிப்பள்ளம், செட்டிப்புடவு என்று! இந்தப் பெயர்களை எந்த ஆய்வாளரும் வைக்கவில்லை. வரலாற்றிலிருந்து வெளியே தள்ளப்பட்ட ஊர்க்காரர்களின் வாயிலிருந்து வந்த பெயர்கள் இல்லாமல் அந்த வரலாற்றுக்கு ஒரு முகவரிகூடக் கிடையாது.

நான் போன அன்று பேச்சிப்பள்ளத்துப் படிக்குக் கீழே ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "என்னய்யா, செலை பாக்க வந்தீகளா?" என்றார். ஆமா என்றேன். "செலை எங்கயும் ஓடிப்போகாது. வெயிலு ஏறுறதுக்குள்ள ஏறிருங்க. வலது கைப்பக்கம் பாசி புடிச்சுக் கெடக்கு, செருப்பக் கழட்டிருங்க." இதுதான் ஆற்றுப்படை. கையில் இருந்த பிரசுரத்தில் அந்தப் பாசி இல்லை.

பாதையிலிருந்து பார்க்கத் தொடங்கினால் கல்வெட்டுகளும் வேறு மாதிரி வாசிக்கக் கிடைக்கின்றன. மாங்குளம் குகைத்தளத்தில் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதைத்தான் எல்லோரும் சொல்கிறோம். கணி நந்தாசிரியன் என்ற துறவிக்குப் பள்ளி கொடுத்தவன் நெடுஞ்செழியனின் பணியாளன் என்பதும், அங்கேயே வெள்ளறை என்ற ஊரின் நிகமம் எனும் வணிகக் குழுவும் கொடையாளியாக வருகிறது என்பதும் பின்னுக்குப் போய்விடுகின்றன. அழகர்மலையின் கிடாரிப்பட்டிக் குகைத்தளத்தில் உப்பு விற்றவன், கொழு விற்றவன், வெல்லம் விற்றவன், துணி விற்றவன் என்று வரிசையாகப் பெயர்கள். கீழவளவில் தொண்டிக்காரர் ஒருவர். எல்லோரும் வழியில் போய்வந்துகொண்டிருந்தவர்கள். துறவிக்கு வெட்டிக்கொடுத்த கற்படுக்கையைப் புல்முடிச்சின் கல் வடிவம் என்றே நான் வாசிக்கிறேன்.

இங்கே நின்று மெய்சிலிர்த்துவிட்டு பஸ் ஏறித் திரும்பிவிடலாம். ஆனால் பஸ் சும்மா விடுவதில்லை. கீழவளவு பஞ்சபாண்டவர் மலையிலிருந்து சில கிலோமீட்டரில் மேலவளவு. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதைப் பொறுக்கமாட்டாத சாதிவெறியர்கள், 1997 ஜூன் 30 அன்று, மதுரை போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த தலைவர் முருகேசனையும் அவரோடு சேர்த்து இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகலில், பஸ்ஸை மறித்து. கொல்லாமையைச் சொன்னவர்கள் படுத்திருந்த பாறைக்கு பஸ் வழி சொல்கிற ஒரு வழிகாட்டி, அந்த வட்டாரத்தில் பஸ்ஸில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பாதி வழிகாட்டிதான். மலைபடுகடாம் பாம்பு கிடக்கிற இடத்தைச் சொன்னது. இந்த ஊர்ப் பாதைகளில் எல்லோருடைய காலுக்கும் ஒரே மாதிரி ஆபத்து இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நடப்பவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன்.

அப்படியானால் நடப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது? ஆகியிருக்கிறது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. குடைவரைக் கோயில், தமிழ்பிராமிக் கல்வெட்டு, வல்லூறுகள், சுனைகள் எல்லாம் உள்ள இடம். இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசால் ஏலம் விடப்பட்டது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டார மக்கள் ஆயிரக்கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்துக்கு நடந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது.

நாம் மதுரையிலிருந்து பஸ்ஸில் போகிற அதே சாலையில், யானைமலையின் ஓரமாக, அவர்கள் எதிர்த்திசையில் நடந்துவந்தார்கள். அந்த நடையையும் எங்கள் வழிகாட்டிகளில் சேர்க்க வேண்டும். ஏலம் போட்டவர்களின் வரைபடத்தில் அந்த மலைக்கு ஒரு கனிமத்தின் பெயர் மட்டுமே இருந்தது. ஏறிப் போகிற ஆள் இல்லாத மலையைக் கல் என்று சொல்லிவிடுவது சுலபம். மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்ட குன்றுகளுக்கும் ஒரு காலத்தில் பாதைகள் இருந்திருக்கும்.

ஆகவே போகிறவர்கள் போங்கள். சாதாரண டவுன் பஸ்ஸிலேயே போங்கள். 2021-லிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிற அக்காவிடம் வழி கேளுங்கள், கல்வெட்டு எந்த நூற்றாண்டு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வந்து எழுதுகிறவர்கள், பாசி எங்கே, பாம்பு எங்கே, ரத்தம் எங்கே என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பின்னால் ஆள் வருகிறது. ஒரு புல்லை முடிந்து போட்டுவிட்டு வருவதற்கு ரொம்ப நேரம் ஆகாது.