பசியாறாத நூடுல்ஸ்

கொன்ஜாக் நூடுல்ஸ் விளம்பரங்களை நான் பிரதியாகவே வாசிக்கிறேன். ‘குற்றவுணர்வு இல்லாமல் சாப்பிடலாம்’ என்பது அவற்றின் வாடிக்கையான வாக்கியம். பெண் வயிறாரச் சாப்பிடுவது குற்றம் என்று முதலில் நம்பவைத்தால்தான் இந்த வாக்கியம் விலைபோகும்.

பொருளின்மீது எனக்குப் புகாரில்லை. கொன்ஜாக் நம் சேனைக்கிழங்கின் பங்காளி. இரண்டும் ஒரே பேரினம். கிழங்கு மாவைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு சேர்த்து இறுகவைத்து, இழையாக்குகிறார்கள். நூடுல்ஸில் ஏறத்தாழ 97 விழுக்காடு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி குளுக்கோமன்னன் என்னும் நார். புரதமும் இரும்புச்சத்தும் இல்லையென்றே சொல்லலாம். நன்றாக அலசி, எண்ணெயில்லாத வாணலியில் ஈரம் வற்றப் புரட்டினால் அதன் வாடை போகும். ஜப்பானியர்கள் இதை இறைச்சியும் காய்கறியும் கொதிக்கும் சுகியாகிச் சட்டியில் சேர்ப்பார்கள். அங்கே அது துணைப்பொருள். சர்க்கரை நோயுள்ளவர்கள் சோற்றைக் குறைத்து இதைச் சேர்ப்பதிலும் நியாயம் உண்டு.

துணையாக இருப்பதை முழுச் சாப்பாடாக்கும்போதுதான் விளம்பரம் பொய் பேசுகிறது. குளுக்கோமன்னன் எடை குறைய உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் நாளுக்கு 3 கிராமை மூன்று வேளையாகப் பிரித்துத் தண்ணீரோடு எடுக்க வேண்டும், கூடவே கலோரி குறைந்த உணவும் வேண்டும் என்றது. விளம்பரம் இந்த நிபந்தனைகளை விழுங்கிவிடுகிறது.

கொரிய, ஜப்பானிய ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் வைத்து வாசித்தால் அந்த வாக்கியம் இன்னும் கூசுகிறது. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் கெட்டுப்போன உணவால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இவர்களுக்குத் தேவை கீரை, பருப்பு, முட்டை, நேரத்துக்குச் சோறு. நார் மட்டும் நிரப்பிய வயிறு பசியை மறக்கும். உடம்பின் தேவை அப்படியே இருக்கும்.

கொன்ஜாக்கை விரும்புகிறவர்கள் முட்டையோடும் காயோடும் சமைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் ‘பசிக்கிறது’ என்று கூச்சமில்லாமல் சொல்லும் மொழியும் நமக்கு வேண்டும். நெடுஞ்சாலையில் உட்கார்ந்த அந்தப் பெண்கள் அதை உரக்கப் பேசினார்கள்.