இரண்டு ரூபாய் தயாரிப்பாளர்கள்

சினிமாவுக்கு ஒரு புரொட்யூசர் இருந்தாலே டைரக்டருக்குத் தலைவலி. ஷியாம் பெனகலுக்கு ஐந்து லட்சம் பேர் இருந்தார்கள். 1976-ல் வந்த 'மந்தன்' இந்திப் படத்துக்காக குஜராத் பால் கூட்டுறவு சங்க உறுப்பினர்கள் தலைக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார்கள். டைட்டிலிலும் அவர்கள்தான் தயாரிப்பாளர்கள். படம் வெளியானதும் லாரி பிடித்துக் கூட்டம் கூட்டமாக வந்து 'நம்ம படம்' பார்த்தார்கள். (தமிழில் 'மந்தன்' என்றால் யாரையோ திட்டுவது போலிருக்கிறது. இந்தியில் கடைதல். பாற்கடலைக் கடைந்தார்களே, அது!)

பழுது பார்த்த பிரதி 2024-ல் கான் விழாவில் காட்டப்பட்டு நம் தியேட்டர்களிலும் எட்டிப் பார்த்தது. தவறவிட்டிருந்தால் தேடிப் பாருங்கள்.

கால்நடை டாக்டர் ராவ் (கிரிஷ் கர்னாட்) ஒரு கிராமத்தில் ரயிலிலிருந்து இறங்குகிறார். வரவேற்க வந்தவர்கள் லேட். ரயில் இன்று சரியான நேரத்துக்கு வந்துவிட்டதாம், அதற்கு மன்னிப்பு கேட்கிறார்கள்! பால் சொசைட்டி ஆரம்பிப்பது ராவின் வேலை. குறுக்கே தனியார் டெய்ரி முதலாளி மிஸ்ரா (அம்ரீஷ் புரி), எல்லாம் தன் கைக்குள் இருக்க வேண்டும் என்கிற ஊர்த்தலைவர். யாரையும் நம்பாத தலித் இளைஞன் போலா (நஸீருதீன் ஷா), எருமை வைத்திருக்கும் பிந்து (ஸ்மிதா பாட்டீல்).

விஜய் டெண்டுல்கரின் திரைக்கதைக்குத் தேசிய விருது கிடைத்தது. தகும். ஆனால் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. படத்தைப் பார்த்தால், நகரத்திலிருந்து படித்தவர் ஒருத்தர் வந்து சொல்லும்வரை கிராமத்து ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று தோன்றும். நிஜக் கதை அப்படியில்லை. 1946-ல் கேடா மாவட்ட விவசாயிகள், பால்ஸன் கம்பெனி கொடுத்த அடிமாட்டு விலையை எதிர்த்து 15 நாள் பாலை விற்காமல் நிறுத்தினார்கள். பால் என்ன, புளியா பருப்பா, மூட்டை கட்டி வைக்க? கறந்ததை ஊற்றாவிட்டால் சாயங்காலத்துக்குள் கெட்டுப்போகும். அந்த வயிற்றெரிச்சலைத் தாங்கினார்கள். அவர்களைத் திரட்டியவர் அந்த ஊர்க்காரரான திரிபுவன்தாஸ் பட்டேல். சங்கம் அந்த டிசம்பரிலேயே பதிவாகிவிட்டது. நம் லயோலாவிலும் கிண்டியிலும் படித்த குரியன், ஸ்காலர்ஷிப் பாண்டைக் கழிக்க வேண்டாவெறுப்பாக ஆனந்துக்கு வந்தது 1949-ல்தான். படத்தின் கதையில் குரியனுக்கும் பங்கு உண்டு. திரிபுவன்தாஸ் மாதிரி ஒரு உள்ளூர்க்காரர் அதில் காணாமல் போனது வருத்தம்.

இன்னொரு மாற்றமும் செய்திருக்கிறார்கள். அதை மெச்சுகிறேன். கேடாவில் சங்கத்தை முன்நின்று நடத்தியவர்கள் பெரும்பாலும் நிலபுலன் உள்ள பட்டேல்கள். படத்தில் சங்கத் தேர்தலில் ஊர்த்தலைவரைத் தோற்கடிப்பது ஒரு தலித். அங்கிருந்துதான் வினை. குடிசைகள் எரிகின்றன. உதவி செய்ய வருகிறார் மிஸ்ரா, கடன் பத்திரத்துடன். ராவ்மேல் பழி சுமத்தும் காகிதத்தில் பிந்துவின் கைநாட்டு. பாலில் கொழுப்பு எவ்வளவு என்று மெஷின் சொல்லிவிடும், அதில் சாதி கிடையாது. ஆனால் அந்தப் பாலை ஊற்ற ஒரே வரிசையில் நிற்க வேண்டுமே! கூட்டுறவில் கஷ்டமான பாகம் அந்த வரிசைதான் என்று படம் தயங்காமல் சொல்கிறது. இதற்குத்தான் அந்த இரண்டு ரூபாய்க்காரர்கள் பணம் கொடுத்தார்கள் என்பது ஆச்சரியம். 'எங்களால் ஊரே சுபிட்சம்' என்று ஒரு விளம்பரப் படம் கேட்டிருக்கலாம். (ப்ரீதி சாகர் பாடிய பாட்டு பிற்பாடு அமுல் டி.வி. விளம்பரத்துக்குப் போனது வேறு விஷயம்.)

ஸ்மிதா பாட்டீலைப் பற்றி எழுத இடம் போதாது. ராவிடம் விறைப்பாகப் பேசும் ஆரம்பக் காட்சிகளுக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம். கர்னாட் கொஞ்சம் உபதேசம் செய்கிறார்.

கடைசியில் ராவுக்கு மாற்றல். வந்தது போலவே ரயிலில் போய்விடுகிறார். வில்லன்களுக்குத் தண்டனை கிடையாது. போலா சொசைட்டிக்குத் திரும்பிப் போய்ப் பால் வாங்க உட்காருகிறான். ஊர் பூராவும் வரவில்லை. சில பேர் வருகிறார்கள், பாத்திரத்தோடு.